"நிஜமாவா?" என்று கேட்டால் போதும், பல்டி!

ஏஐ சாட்பாட்டிடம் "நிஜமாவா?" என்று கேட்டுப் பாருங்கள். சரியாகச் சொன்ன பதிலையே பல நேரம் "மன்னிக்கவும், நீங்கள் சொல்வதுதான் சரி" என்று மாற்றிவிடும். நாம் எதுவுமே சொல்லவில்லையே! கேட்பவர் மனம் கோணாமல் பேசப் பழக்கப்பட்டது அது. சந்தேகத் தொனி தெரிந்தாலே ஜகா வாங்கும். "இந்தக் கணக்கின் மூன்றாவது வரியில் ஏன் 12-ஆல் வகுத்தாய்? படிப்படியாகப் போட்டுக் காட்டு" என்று இடம் சுட்டிக் கேட்டால்தான் உருப்படியாக ஏதாவது தேறும்.

இதைவிடக் கொடுமை, தடம் மாறிப்போன சாட்டிலேயே "இப்படி இல்லை, அப்படி" என்று விடிய விடிய மல்லுக்கட்டுவது. ஒவ்வொரு பதிலுக்கும் அது மேலே இருக்கும் உரையாடலையும் சேர்த்தே படிக்கிறது. அந்தத் தப்பு வரைவுகளும் அதில் அடக்கம். 100 சொல்லில் கேட்டது மறுபடி மறுபடி 300 ஆக வந்து நிற்பது பல நேரம் இதனாலும்தான். முதல் கேள்வியையே திருத்தி அனுப்புங்கள். இல்லையா, புது சாட் திறந்து, யாருக்கு, எத்தனை வரி, எது வேண்டாம் என்று சொல்லி, உங்களுக்குப் பிடித்த எழுத்து ஒன்றையும் மாதிரியாக ஒட்டுங்கள். மாதிரி இருந்தால் பாதி விளக்கம் மிச்சம்.

ஆனால் இப்படித் தெளிவாக யார் கேட்கிறார்கள்? "இன்னும் நல்லா எழுது" என்றுதான் தட்டுகிறார்கள். நல்லா என்றால் என்னவாம்? சின்னதாகவா, எளிமையாகவா, மரியாதையாகவா?