ஒன்பது பேருக்கு 5 மதிப்பெண், ஒருத்திக்கு 1

அந்த மதிப்பெண் விவகாரம் பற்றி நேற்றிலிருந்து உள்பெட்டியில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். பேசாமல் கடந்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் தெரிந்தவர் ஒருவர் என்னிடம் ஆறு கேள்விகள் கேட்டு, மதிப்பெண் போட்டு, என் பெயருக்கு எதிரே 'தனிமை அபாயம்' என்று எழுதி ஊரே பார்க்கப் பகிர்ந்த பிறகு எப்படிக் கடப்பது?

அந்த ஆறு கேள்விகளும், ஒருவருக்குப் பழக்கமும் துணையுமாக எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அளக்கும் லப்பன் அளவுகோலின் சுருக்க வடிவம். முதியவர்களுக்காக உருவானது. உறவினர் பற்றி மூன்று, நண்பர் பற்றி அதே மூன்று. மாதம் ஒருமுறையாவது பார்ப்பவர், பேசுபவர் எத்தனை பேர்? சொந்த விஷயத்தை மனம்விட்டுப் பேசக்கூடியவர் எத்தனை பேர்? உதவிக்குக் கூப்பிடக்கூடியவர் எத்தனை பேர்? ஒருவர் என்றால் 1. ஒன்பதும் அதற்கு மேலும் என்றால் 5. மொத்தம் 30, 12-க்குக் கீழே போனால் அபாயம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எதற்கும் கூட நிற்கும் அக்கா ஒருத்தி, அதேபோலத் தோழி ஒருத்தி. மூன்றும் மூன்றும் ஆறு. அபாயம்! தலைகளை எண்ணினால் நட்பு கிடைக்காது, தலைகள்தான் கிடைக்கும்.

என் தோழியும் நானும் மாதக்கணக்கில் பேசாமல் இருப்போம். எனக்கு வேலை போன இரவு அவளை அழைத்தேன். குரல் வரவில்லை. "என்னடி?" என்று ஒருமுறை கேட்டாள், அவ்வளவுதான். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். குழாய் ஓடுவதும் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதும் கேட்டுக்கொண்டே இருந்தது. நானாகப் பேசும்வரை அவள் வைக்கவில்லை. மாதம் ஒருமுறை என்ற கேள்வியில் அவளுக்கு நான் போட வேண்டியது பூஜ்யம்.

"தனிமை பெரிய பிரச்சினை, அளக்காமல் எப்படித் தெரியும்?" என்பீர்கள். சரி. உலகில் ஆறில் ஒருவர் தனிமையை உணர்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2025-இல் சொன்னது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தனிமையை உணர்வது வேறு, பழகும் ஆட்கள் குறைவாக இருப்பது வேறு. இரண்டுக்கும் தனித்தனி வினாத்தாள்களே இருக்கின்றன. மதிப்பெண் போட்டவர் ஆட்களை எண்ணிவிட்டு என் மனதைப் பற்றித் தீர்ப்பு எழுதினார்.

"ஆய்வாளர்களைவிட உனக்குத் தெரியுமா?" ஆய்வாளர்களே இதில் அடித்துக்கொள்கிறார்கள். அமெரிக்கப் பொதுச் சமூகக் கணக்கெடுப்பில், கடந்த ஆறு மாதத்தில் முக்கியமான விஷயங்களை யாரிடம் பேசினீர்கள் என்று கேட்டார்கள். யாருமில்லை என்றவர்கள் 1985-இல் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் இருந்தார்கள், 2004-இல் ஏறக்குறைய கால்வாசி. செய்தி எங்கும் பரவியது. கிளாட் ஃபிஷர் என்ற சமூகவியலாளர் 2009-இல் அந்த 2004 தரவையே நம்ப முடியாது என்று எழுதினார். இன்னொரு ஆய்வில், யாரிடமும் பேசவில்லை என்றவர்களைக் காரணம் கேட்டார்கள். அவர்களில் பலர் ஆள் இல்லை என்று சொல்லவில்லை, பேசுவதற்கு முக்கியமான விஷயம் எதுவும் இல்லை என்றார்கள். கேள்வி ஒன்று, அவரவருக்குப் புரிந்தது வேறு.

பல்லாயிரம் பேரிடம் கேட்டு, சமூகம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஒரு மனுஷியின் கழுத்தில் அந்த எண்ணைக் கட்டித் தொங்கவிடாதீர்கள்.

"நல்லெண்ணத்தில்தானே போட்டார், ஏன் இவ்வளவு கோபம்?" இதற்கு மட்டும் எனக்குப் பொறுமை இல்லை. நல்லெண்ணம் இருப்பவர் தனியாகக் கூப்பிட்டு "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டிருப்பார். நாலு பேர் வந்து பரிதாபப்பட வழி செய்திருக்க மாட்டார். கீழே வந்த "அடடா, பாவம்"களை எல்லாம் நான் படித்தேன். ஒன்று விடாமல் படித்தேன்.

வருத்தம் மதிப்பெண்ணால் இல்லை. உதவிக்கு யாரைக் கூப்பிடுவீர்கள் என்ற கேள்விக்கு நான் எண்ணியவர்களில் அவரும் ஒருவர்.