மறுபடியும் 85 டிகிரி

ராத்திரி ரெண்டு மணிக்கு போன் அலறுது: தண்ணி டேங்க் 85 டிகிரி! மாடிக்கு ஓடித் தொட்டுப் பார்த்தா சில்லுனு இருக்கு. டிஎஸ்18பி20ங்கிற வெப்பநிலை சென்சாருக்கு கரண்ட் வந்ததும், அளக்கிறதுக்கு முன்னாடியே அதுல இருக்கிற எண் அது. அதைப் போய் நிஜ வெப்பநிலைனு எடுத்துக்குது, வீட்டைத் தானா கவனிச்சுக்கிற ஹோம் ஆட்டோமேஷன். ஒயர் விட்டுப்போனா மைனஸ் 127னு காட்டுது. அண்டார்டிகாவுல பதிவானதே மைனஸ் 89 தானேய்யா!

சிக்னல் ஒழுங்கா வர டேட்டா ஒயருக்கு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டாச்சு. ஜாயின்ட் எல்லாம் திரும்ப சால்டர் பண்ணியாச்சு. ஒரே ஒயர்ல மூணு சென்சார் ஓடுது, நாலாவதைச் சேர்த்தா நாலும் காலி.

எந்த சென்சார் எந்த ரூம்? ஒவ்வொண்ணுக்கும் 16 எழுத்து முகவரி, எல்லாமே 28ல தான் ஆரம்பிக்குது. ஒவ்வொண்ணா உள்ளங்கையில பொத்திப் பிடிச்சு, எந்த எண் ஏறுதுனு ஸ்க்ரீனையே முறைச்சுக்கிட்டு உக்காரணும்.

இருக்கிறதே மூணு ஒயர். வழக்கமா டேட்டாவுக்கு வர்ற மஞ்சள், போன வாரம் வந்த பாக்கெட்ல கிரவுண்டு! எவன்யா இந்தக் கலரை முடிவு பண்றது?