பைன் மரத்தடி மண் எப்போதும் அமிலமா?

பைன் ஊசியிலைகள் உதிர்ந்து மண்ணை அமிலமாக்கிவிடும், அதனால் மலைப் பைன் காடுகளில் வேறு செடிகள் வளராது என்று இங்கே ஒரு பதிவு பலரால் பகிரப்படுகிறது. புதிதாக உதிர்ந்த ஊசியிலைக்கு அமிலத்தன்மை உண்டு, மேல்மண்ணை அது ஓரளவு மாற்றவும் செய்யும். அதுவரை சரி. ஆனால் அந்த மண்ணின் தன்மையைப் பெரிதும் தீர்மானிப்பது அடியில் இருக்கும் பாறைதான்.

ஆல்ப்ஸ் மலையில் இது நன்றாகத் தெரியும். மரம் ஒன்றுதான், ஸ்காட்ஸ் பைன். கிரானைட் பாறை மேல் அது நிற்கும் இடத்தில் பில்பெரி, ஹெதர் மாதிரி சில குறும்புதர்களும் பாசியுமே தரையை மூடியிருக்கும். சுண்ணாம்புக்கல், அதைப் போன்ற டோலமைட் பாறை மேல் நின்றால் அதே மரத்தடியில் செடி வகைகள் கூடிவிடும். மஞ்சள் செருப்பு போலப் பூக்கும் ஆர்க்கிட்கூட அங்கே உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பூ அது! கிரானைட் மேல் உள்ள மண்ணில் அமிலம் கூடி, அதைக் காட்டும் பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலம் அதிகம்) 4.5-க்குக் கீழே இறங்கினால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர்நுனிகளைக் கருக்கும். அதைத் தாங்கும் செடிகள் கொஞ்சம்தான். சுண்ணாம்பு மண்ணிலோ பாறையில் உள்ள கார்பனேட் என்ற உப்பு அந்த அமிலத்தைச் சமன் செய்துவிடும்.

நீங்களே சோதிக்கலாம். ஊசியிலைப் படுகையை விலக்கி, ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுங்கள். காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, அரை மணி நேரம் கழித்து பிஎச் தாளை நனைத்துப் பாருங்கள். பக்கத்துக் கல்லில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள்: சுண்ணாம்புக்கல் நுரைக்கும், கிரானைட் நுரைக்காது. டோலமைட் என்றால் பொடித்துவிட்டு ஊற்ற வேண்டும். வெவ்வேறு பாறை மேல் உள்ள இரண்டு பைன் காடுகளில் இதைச் செய்து, தரையில் இருக்கும் செடி வகைகளையும் எண்ணிப் பாருங்கள்.