உறவுமுறை என்ற கட்டம்

என் தோழியர் இருவர் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரே வீட்டில் இணையராக வாழ்கிறார்கள். ஒருவருக்குக் கருப்பைக் கட்டியை அகற்றிய அன்று, மற்றவர் ஒப்புதல் படிவத்தில் 'நோயாளிக்கு உறவுமுறை' என்ற கட்டத்தில் 'அக்கா' என்று எழுதிக் கையெழுத்திட்டார். நினைவு தெளிந்த நோயாளியின் ஒப்புதலே சட்டப்படி போதும் என்றாலும், உறவினர் கையெழுத்தில்லாமல் நம் மருத்துவமனைகளில் எதுவும் நகராது. உண்மையை எழுதியிருந்தால், பேச்சுவார்த்தையே அற்றுப்போன அண்ணனை ஊரிலிருந்து வரவழைக்கச் சொல்லியிருப்பார்கள்.

தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு உடையவர்களின் உடல்நலம் என்றாலே எச்.ஐ.வி. மட்டும் பலருக்கு நினைவுக்கு வருகிறது. எனக்கோ அந்த 'அக்கா'தான் நினைவுக்கு வருகிறாள். 'கல்யாணம் ஆகிவிட்டதா?' என்று மகளிர் மருத்துவர் கேட்பது, உடலுறவு அனுபவம் உண்டா என்ற கேள்விக்கு நாம் போட்ட முக்காடு. இல்லை என்று சொல்லும் பெண்ணுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுவதில்லை. அந்நோயை உண்டாக்கும் எச்.பி.வி. கிருமியோ பெண்ணிடமிருந்து பெண்ணுக்கும் தொற்றும். மணமான இருபாலீர்ப்பாளரிடம் 'ஆகிவிட்டது' என்ற பதிலோடு விசாரணையே முடிந்துவிடுகிறது.

மருத்துவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் படித்த பாடம் அப்படி. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளில் தமக்குப் புரிதல் போதாது என்று ஒப்புக்கொண்டு, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டறிந்த பின்னரே 2021 ஜூன் 7 அன்று ஆணை பிறப்பித்தார்; பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சை முயற்சிகளுக்குத் தடை விதித்தார். அத்தகைய சிகிச்சை தொழில்நெறி மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. அதே ஆணையம் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட பாடத்திட்டத்தில், பெண் தன்பாலுறவு மீண்டும் இயற்கைக்கு மாறான குற்றங்களின் வரிசையில் இருந்தது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாள்களில் திரும்பப் பெற்றார்கள். வயது வந்தோர் இசைந்து கொள்ளும் தன்பாலுறவு இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின்படி குற்றமாகாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, எழுதியவர்களின் மேசைக்கு ஆறு ஆண்டுகளாகியும் வந்து சேரவில்லை போலும்.

2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, வயது வந்த எவரும், சிகிச்சை முடிவுகளில் தமக்குத் துணைநிற்கும் சார்பாளராக வயது வந்த வேறொருவரை நியமிக்கலாம். இரத்த உறவு தேவையில்லை. இவ்வளவு தெளிவான ஏற்பாடு மனநலத்துக்கு மட்டும் ஏன்? மனம் கலங்கினால் இணையரைத் தேர்ந்தெடுக்கலாம், குடல்வால் வீங்கினால் அண்ணன்தான் வரவேண்டும் என்பது என்ன கணக்கு? உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 'நெருங்கிய உறவினர்' பட்டியலிலும் தன்பாலின இணையருக்கு இடமில்லை. திருமண உரிமையை உச்ச நீதிமன்றம் 2023இல் மறுத்துவிட்டது; ஆனால் திருமணம் மட்டுமே குடும்பம் அமைக்கும் வழியன்று என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியிருக்கிறது. சார்பாளரை நியமிக்கும் இந்த உரிமையை எல்லா மருத்துவமனைகளுக்கும் விரிக்கத் திருமணச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தோழிக்கு அடுத்த மாதம் மறுபரிசோதனை இருக்கிறது. பதிவேட்டில் 'அக்கா' என்று இருப்பதால், இணையர் அங்கே அக்காவாகவே மறுபடியும் போக வேண்டும்.