முதல் ஆர்சி (ரிமோட்டில் ஓடும் பொம்மைப்) படகைக் காசிமேட்டுக் கடலில் இறக்காதீங்க

"பெட்டியிலேயே வாட்டர்ப்ரூஃப்னு போட்டிருக்கு, ரேஞ்ச் 100 மீட்டர், காசிமேட்டுலயே தாராளமா விடலாம்"னு ஒருத்தர் சொல்லியிருக்கார். புதுசா வாங்குறவங்க தயவுசெஞ்சு நம்பாதீங்க.

அந்த வாட்டர்ப்ரூஃப் நல்ல தண்ணிக்குத்தான். மோட்டார்ல இருந்து ப்ரொப்பெல்லருக்குப் போற ஷாஃப்ட் குழாயில தண்ணியைத் தடுக்கிறதே கிரீஸ்தான். அங்க உப்புத்தண்ணி ஏறினா ஷாஃப்ட் துருப்பிடிச்சு இறுகும். பல படகுகளோட அடியில குண்டூசித் தலை அளவு ரெண்டு உலோகப் புள்ளி இருக்கும். அது தண்ணியை உணர்ந்தாத்தான் மோட்டார் சுத்தும். அதுல பச்சை பூத்துட்டா படகு தண்ணியில கிடந்தாலும் அசையாது. தெரியாம கடல்ல விட்டுட்டா உடனே நல்ல தண்ணியில அலசி, காயவச்சு, கிரீஸ் போடுங்க.

ரேஞ்ச் கதையும் அப்படித்தான். ரிமோட்டோட 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ சிக்னல் தண்ணிக்குள்ள போகாது. படகு கவிழ்ந்து ஆன்டெனா முங்கினா பக்கத்துலயே துண்டிச்சுடும்.

முதல் படகுக்கு 35-45 செ.மீ. நீளம், வி வடிவ அடிப்பாகம், கவிழ்ந்தா தானா நிமிர்ற வசதி, உள்ள கார்பன் பிரஷ் வச்ச சாதா மோட்டார் (பிரஷ்டு) போதும். பிரஷ் இல்லாத மோட்டாரோட (பிரஷ்லெஸ்) வேகம் அப்புறம் பாத்துக்கலாம்.

ரெட்டேரி மாதிரி ஏரின்னா ஆகாயத்தாமரை இல்லாத ஓரமா பாருங்க. ப்ரொப்பெல்லர்ல வேர் சுத்தினா மோட்டார் நின்னு, கரன்ட் எகிறி, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துற சர்க்யூட் (ஈஎஸ்சி) கருகிடும். பேட்டரி கால்வாசி இருக்கும்போதே கரைக்குத் திருப்பிடுங்க. நடுவுல நின்னுட்டா நீந்திப் போகாதீங்க; தங்கூசியில (தூண்டில் நைலான் இழையில) டென்னிஸ் பந்தைக் கட்டி, படகைத் தாண்டி வீசி இழுங்க.