பெர்ட் கார்ல்சன் அமைச்சரா இருந்தாரா?

மேல ஒருத்தர், மரியன் ரெக்கார்டு கம்பெனி நடத்துன பெர்ட் கார்ல்சன் 1991ல ஸ்வீடன் அமைச்சர் ஆனார்னு போட்டிருக்கார், அதையே நாலு பேர் ஷேர் பண்ணிட்டாங்க. தப்பா எடுத்துக்காதீங்க நண்பரே, அவர் அமைச்சரா இருந்ததே இல்ல. 1991ல இருந்து 1994 வரைக்கும் வெறும் எம்.பி. தான். இயன் வாக்ட்மைஸ்டரோட சேர்ந்து ஆரம்பிச்ச புதிய ஜனநாயகம் கட்சி முதல் தேர்தல்லயே 6.7% ஓட்டு, 25 சீட் வாங்குச்சு, பீர் கிரேட்டை மேடையில அடுக்கிக் காட்டி ரெண்டு பேரும் பிரச்சாரம் பண்ணது அப்போ அவ்வளவு பேமஸ், குழப்பம் அதுல இருந்து வந்திருக்கலாம்.

ஆனா அப்போ பிரதமரா இருந்த கார்ல் பில்ட் அமைச்சரவையில இருந்தது மாடரேட், மக்கள் கட்சி, சென்டர், கிறிஸ்தவ ஜனநாயகம்னு நாலே கட்சி. அவங்க சீட் வரிசையா 80, 33, 31, 26, கூட்டிப் பாருங்க, 170 தான் வரும், 349ல பெரும்பான்மைக்கு 175 வேணும். அதனால வெளியில இருந்த புதிய ஜனநாயகம் கட்சியோட ஓட்டு தேவைப்பட்டுச்சு, பதவி கொடுக்கல.

சந்தேகம் இருந்தா பில்ட் அமைச்சரவை பட்டியலை எடுத்து ஒவ்வொரு பேரா பாருங்க, கார்ல்சன் பேர் இருக்காது, ஸ்வீடன் நாடாளுமன்ற தளத்துல பழைய உறுப்பினர்கள் பக்கத்துல தேடினா எம்.பி.யா இருந்த வருஷம் வந்துடும். பதிவை மட்டும் திருத்திடுங்க ப்ளீஸ்.