சாம்பல் படிந்த மண்ணுக்குச் செம்மண் போர்த்துவது வைத்தியம் இல்லை

"ஏம்பா, நீ மண்ணு படிச்சவனாச்சே. சுண்ணாம்பு போட்டா சரியாப் பூடுமா?"

போன மாதம் மாமா கேட்ட கேள்வி. அவருடைய எண்பது சென்ட் நிலம் ஓர் அனல்மின் நிலையத்தின் சாம்பல் குட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நிலக்கரி எரித்த சாம்பலைத் தண்ணீரோடு கலந்து தேக்கிவைக்கும் இடம் அது. ஊர்ப் பெயரையும் நிலையத்தின் பெயரையும் இங்கே சொல்லவில்லை. மூன்று வருடங்களுக்கு முன் அடைமழையில் குட்டையின் கரை உடைந்து, சாம்பல் குழம்பு வயலுக்குள் இறங்கியது. காய்ந்ததும் சிமெண்ட் பூசிய தரை மாதிரி இறுகிப்போனது. ஜேசிபி வந்து மேலாக வழித்தெடுத்தது. ஓர் அடி உயரத்துக்குச் செம்மண் கொட்டினார்கள். வரப்போரம் பத்துப் பன்னிரண்டு மரக்கன்று நட்டு, அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். "நிலம் சீரமைக்கப்பட்டது" என்று ஒரு காகிதமும் வந்தது. இரண்டு போகம் உழுததில் செம்மண்ணும் சாம்பலும் கலந்து இப்போது வயல் முழுக்க ஒரே வெளிர்நிறம்.

"தெரியல மாமா, பார்த்துதான் சொல்லணும்" என்றேன். படித்தவன் இப்படிச் சொல்கிறானே என்று அத்தைக்கு வருத்தம். ஆனால் அதுதான் சரியான பதில். ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம். நூறு கிலோ எரித்தால் முப்பது, நாற்பது கிலோ மிஞ்சும். கரி எரிந்து காற்றில் போய்விடுகிறது. கரிக்குள் துளித்துளியாக இருந்த ஆர்சனிக், ஈயம், காட்மியம், குரோமியம், நிக்கல், செலினியம் எல்லாம் பெரும்பாலும் சாம்பலில் தங்குகின்றன. அதாவது மூன்று மடங்கு செறிந்துவிடுகின்றன. உலைச் சூட்டில் ஆவியாகும் ஆர்சனிக், செலினியம் போன்றவை குளிரும்போது எதன்மேல் படிகின்றன தெரியுமா? ஆக நுண்ணிய துகள்களின் மேல். காற்றில் பறந்து கொடியில் காயும் துணியில் உட்காருவது அந்தத் துகள்தான். நுரையீரலின் அடிவரை போவதும் அதேதான்.

பூச்சிமருந்தோ டீசலோ மண்ணில் கொட்டினால், காலம் கொடுத்தால் நுண்ணுயிர்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்க்கும். உலோகத்தை எதுவும் தின்று தீர்க்காது. ஈயம் ஆயிரம் வருடம் கழித்தும் ஈயம்தான். ஆகவே வழி இரண்டே இரண்டு. மண்ணிலிருந்து வெளியே எடுக்க வேண்டும், அல்லது வேரும் தண்ணீரும் தொட முடியாதபடி மண்ணுக்குள்ளேயே பூட்ட வேண்டும். மாமா கேட்ட சுண்ணாம்பு இரண்டாவது வகை.

மண்ணின் காரத்தன்மை ஏறினால் ஈயம், காட்மியம், நிக்கல் இவை கரைவது குறையும். அந்த வகையில் சுண்ணாம்பு நல்ல மருந்து. ஆனால் ஆர்சனிக்கும் செலினியமும் எதிர்க்கட்சி. காரம் ஏற ஏற அவை மண்துகளை விட்டுக் கழன்று தண்ணீரில் இறங்கும். ஈயத்துக்குப் போட்ட பூட்டு ஆர்சனிக்குக்குச் சாவியாகிவிடும்.

பாஸ்பேட் உரத்திலும் இதே கதை. பாஸ்பேட் ஈயத்தோடு சேர்ந்து ஏறக்குறைய கரையாத ஒரு கனிமமாகிவிடும், அது உண்மை. ஆனால் பாஸ்பேட்டும் ஆர்சனிக்கும் வேதியியலில் பங்காளிகள். மண்ணில் இரும்புத் துருவின் மேல் இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் அடித்துக்கொள்கின்றன. மூட்டை மூட்டையாக டிஏபி கொட்டினால் ஆர்சனிக் எழுந்து இடம் விட்டு, பயிருக்குள் போகும்.

நெல் வயலில் இன்னும் சிக்கல். தண்ணீர் கட்டினால் மண்ணில் காற்று அற்றுப்போகும், இரும்புத் துரு கரையும், அது பிடித்துவைத்திருந்த ஆர்சனிக் வெளியே வரும். மணிச்சத்துக்கும் சாம்பல் சத்துக்கும் (பொட்டாஷ்) வைத்திருப்பது போல, நெல் தன் வேரில் மணல்சத்து (சிலிக்கா) உறிஞ்சவும் ஒரு வாசல் வைத்திருக்கிறது. அந்த வாசல் வழியாகவே ஆர்சனிக் அரிசிவரை போய்விடும். அப்படியானால் தண்ணீரை வடித்துவிடலாமா? வடித்தால் காட்மியம் கிளம்பும். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நாம் சொல்லும் பாசனம்கூட, மண்ணில் எது அதிகம் என்று தெரியாமல் செய்தால் ஒன்றைத் தணித்து இன்னொன்றைக் கிளப்பிவிடும்.

எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். மாமா வயலில் சோதனைக்கு மண் எடுத்தவர் வரப்போரத்தில், மேலாக, ஒரே ஒரு கைப்பிடி எடுத்துப் போனாராம். கொட்டிய செம்மண் அது! அறிக்கை நன்றாகத்தான் வரும். மூன்று ஆழத்தில், குறைந்தது பத்துப் பன்னிரண்டு இடங்களில் எடுக்க வேண்டும். சாம்பல் போகாத பக்கத்து ஊர் மண்ணையும் ஒப்பிட எடுக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரும் பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம், மண்ணில் மொத்தம் எவ்வளவு உலோகம் என்ற எண் பாதிக் கதைதான். அதில் எவ்வளவு கரையும், எவ்வளவு வேருக்குக் கிடைக்கும் என்பதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். குரோமியம் என்றால் எந்தக் குரோமியம் என்று கேட்க வேண்டும். மூன்று இணைதிறன் குரோமியம் மண்ணில் பெரும்பாலும் அசையாமல் கிடக்கும். ஆறு இணைதிறன் குரோமியம் தண்ணீரோடு ஓடும், புற்றுநோய் தரும். ராணிப்பேட்டையில் தொண்ணூறுகளில் மூடிய குரோமேட் ஆலை விட்டுப்போன லட்சம் டன்னுக்கும் மேலான கழிவு நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது இந்த வகையால்தான்.

"மரம் நட்டால் உறிஞ்சிடும்" என்று நிறைய நண்பர்கள் பகிர்கிறீர்கள். உறிஞ்சும் செடிகள் உண்டு, பொய் இல்லை. பழைய கிணற்றுச் சுவரில் முளைக்கும் ஒருவகைப் பெரணி, டெரிஸ் விட்டாட்டா, ஆர்சனிக்கை இலையில் கிலோவுக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் அளவுக்குச் சேர்க்கிறது என்று 2001-ல் ஃபுளோரிடாவில் கண்டுபிடித்தார்கள். கடுகும் சூரியகாந்தியும் சில உலோகங்களை எடுக்கும். ஆனால் வேர் போகிற ஆழம்வரைதான், அதுவும் வருடக்கணக்கில். அறுத்த இலையை என்ன செய்வது? எரித்தால் மறுபடி சாம்பல். மாட்டுக்குப் போட்டால் பாலில் வரும் பயம்.

வெட்டிவேர் அப்படி இல்லை. உலோகத்தைப் பெரும்பாலும் வேரிலேயே நிறுத்திக்கொள்ளும், மண் பறக்காமல் கட்டும். சாம்பல் குட்டைக் கரைக்கு அருமையான செடி. ஆனால் நம் ஊரில் வெட்டிவேரைப் பிடுங்கிப் பானைத் தண்ணீரில் போடுவோமே! அந்தக் கரையில் பிடுங்கிய வேர் சந்தைக்கு வராமல் பார்ப்பது யார்? குட்டையில் தானாக வளரும் சீமைக்கருவேலத்தை வெட்டி அடுப்பெரிப்பதும் இப்படித்தான்.

தோண்டி அள்ளுவதும் லேசு இல்லை. அமெரிக்காவில் டென்னசி மாநிலம் கிங்ஸ்டனில் 2008 டிசம்பர் 22 அன்று சாம்பல் குட்டை உடைந்து முந்நூறு ஏக்கர் மூழ்கியது. நூறு கோடி டாலருக்கு மேல் செலவழித்தார்கள். ஆற்றிலிருந்து அள்ளிய சாம்பலை ரயிலேற்றி, அலபாமாவில் கறுப்பின ஏழை மக்கள் வாழும் ஒரு பகுதியின் குப்பைக்கிடங்கில் கொட்டினார்கள். சுத்தம் செய்யப் போன தொழிலாளர்கள் நோயாளியாகி, முகக்கவசம்கூடத் தரவில்லை என்று நீதிமன்றம் ஏறினார்கள். மண் சுத்தமானது, மனிதர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

சரியாகச் செய்த இடமும் இருக்கிறது. ஜப்பானில் ஜின்சூ ஆற்றுப்படுகை. அங்கே காட்மியம் வந்தது சாம்பலில் இல்லை, சுரங்கத்திலிருந்து. ஆனால் மண்ணுக்குச் செய்த வைத்தியம் நமக்குப் பாடம். நஞ்சேறிய மேல்மண்ணை ஆழத்தில் புதைத்து, அதன்மேல் இறுக்கமான ஓர் அடுக்கு போட்டு, அதற்கும் மேலே நல்ல மண். எழுபதுகளின் கடைசியில் தொடங்கி 2012-ல்தான் முடிந்தது. 800 ஹெக்டேருக்கும் மேல். அவர்களும் மேலே மண் போர்த்தினார்கள்தான். ஆனால் நடுவில் அந்த இறுகிய அடுக்கு இருந்தது, அரிசியைத் தொடர்ந்து சோதித்தார்கள், செலவில் சுரங்க நிறுவனமும் பங்கு கட்டியது. மாமா வயலில் இந்த மூன்றில் ஒன்றும் இல்லை.

எண்ணூரை நினைத்துப் பாருங்கள். கொசஸ்தலை ஆற்றின் மேலே போகும் சாம்பல் குழாய்கள் வருடக்கணக்கில் ஒழுகி ஆறு மேடாகிப்போனது. மீனவர்கள் 2016-ல் பசுமைத் தீர்ப்பாயம் போனார்கள். தீர்ப்பு வர 2022 ஆனது. அதற்குள் எத்தனை இறால் பருவம் போயிற்று! கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்கள் அந்தச் சேற்றில்தான் நாள் முழுக்க நின்றார்கள்.

எவ்வளவு சுத்தம் செய்தால் சுத்தம் என்பதே ஒரு போராட்டம். கொடைக்கானலில் 2001-ல் மூடிய தெர்மாமீட்டர் ஆலை மண்ணில், கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாம் என்று அளவு வைத்தார்கள். காட்டுக்குள் அது அதிகம் என்று போராடியவர்கள் கடைசிவரை சொன்னார்கள். அந்த எண்ணைத் தீர்மானிக்கும் அறையில் அந்த மண்ணில் வாழ்பவர் உட்கார வேண்டும் என்பது என் கட்சி.

2021 டிசம்பரில் வந்த மத்திய அரசின் சாம்பல் அறிவிக்கை, தேங்கிக் கிடக்கும் பழைய சாம்பலைப் பத்து வருடத்துக்குள் தீர்க்கச் சொல்கிறது. செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் போகட்டும், சந்தோஷம். ஆனால் தாழ்வான நிலங்களை நிரப்பவும் அதில் இடம் இருக்கிறது. நம் பக்கம் தாழ்வான நிலம் என்றால் ஏரி உள்வாய், கழுவேலி, மேய்ச்சல் பள்ளம். குட்டையைக் காலி செய்கிறேன் என்று இன்னும் பத்து ஊர் மண்ணைக் கெடுத்துவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கேட்கிறேன்.

போன ஞாயிறு நானும் மாமாவும் வயலில் இறங்கினோம். மண்வெட்டியின் உலோகம் மண்ணில் கலந்து சோதனையைக் கெடுத்துவிடக் கூடாது என்று அதை வைத்துவிட்டு, மூங்கில் குச்சியும் பிளாஸ்டிக் கரண்டியுமாக, கரை உடைந்த பக்கம் தொடங்கி பன்னிரண்டு இடங்களில் மூன்று மூன்று ஆழத்தில் மண் எடுத்தோம். ஒவ்வொரு பையிலும் இடமும் தேதியும் மாமாவே எழுதினார். ஒரு பாதி சோதனைக்கு, மறுபாதி அவர் வீட்டுப் பரணில். முடிவு வரும்வரை சுண்ணாம்பும் வேண்டாம், டிஏபியும் வேண்டாம் என்றேன். வரப்போரம் அத்தை போட்டிருந்த முளைக்கீரையைப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னேன். அத்தை ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் நான் கிளம்பும்போது பார்த்தேன், கீரைப் பாத்தியில் ஒரு செடி மிச்சமில்லை. வேரோடு பிடுங்கிச் சாக்கில் கட்டி, பரணில் இருக்கும் மண் பைகளுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். "இதையும் சேத்து பாக்கச் சொல்லு" என்றார்.